சயாம் போய்த் திரும்பிய இஞ்சின்

ரயில் இஞ்சினைக் கண்டால் முதலில் சக்கரத்தைப் பார்ப்பது அப்பாவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். அவர் விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்தவர். "மூஞ்சியப் பாக்காதடா, காலப் பாரு. எவ்வளவு தூரம் ஓடுச்சுன்னு கால்தான் சொல்லும்" என்பார். அதனால்தான் தோக்கியோவில், யாசுகுனி ஆலய வளாகத்தில் உள்ள யூஷுகான் போர் அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில், மற்றவர்கள் எல்லாம் நிமிர்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் குந்தி உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பக்கத்துக்கு மூன்று பெரிய சக்கரம். என் தோளுக்குக் கொஞ்சம் கீழே வரும் உயரம். முன்னால் ஒரு சின்னச் சக்கரம். பெரிய மூன்றையும் பிணைக்கும் ராடு வெள்ளிபோல மின்னியது. கருப்புப் பூச்சு நேற்றுத்தான் அடித்ததுபோல இருந்தது. கரித்தூள் இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை, பாய்லருக்கு அடியில் ஒரு சொட்டு நீர்க்கறை இல்லை. அப்பா சொன்னபடி காலைப் பார்த்தும் அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள். முகப்பில் எண் பலகை: சி56 31. பக்கத்தில் ஒரு ஜீரோ போர் விமானம். இந்தக் கூடம் வரைக்கும் டிக்கெட் கிடையாது. யாரும் உள்ளே வரலாம், பார்க்கலாம், போகலாம்.

மகன் நிஷி-கசாயில் இருக்கிறான். நம் ஊர் கம்ப்யூட்டர் பிள்ளைகள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம். அங்கே தோசாய் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் குடான்ஷிதாவில் இறங்கலாம். இறங்கி ஏற்றத்தில் நடந்தால் யாசுகுனியின் பெரிய வாசல். "கோயிலுக்கா போறீங்க?" என்று மருமகள் கேட்டாள். இல்லை, ஒரு இஞ்சினைப் பார்க்க என்றேன். அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

விளக்கம் நந்தனத்தில் தொடங்குகிறது. எங்கள் வீட்டிலிருந்து ஒய்.எம்.சி.ஏ. மைதானம் நடந்துபோகிற தூரம். புத்தகக் கண்காட்சி நடக்கும் ஜனவரிகளில் மாலையில் ஒரு சுற்றுப் போய்வராவிட்டால் எனக்கு அந்த நாள் முடியாது. ஒரு வருஷம் அங்கே ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை வாங்கினேன். மலேசியத் தமிழர் எழுதி 1993-இல் வந்த நாவல். பையில் போட்டுக்கொண்டு வந்தவன் விடியும்வரை தூங்கவில்லை. ஏனென்றால் தாய்லாந்தின் பழைய பெயரான 'சயாம்' என்ற சொல்லை நான் சின்ன வயதில் ஒரே ஒருவர் வாயில்தான் கேட்டிருக்கிறேன்: என் பாட்டி. அவளுடைய தம்பி 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனவர். அடுத்த வருஷமே கூலியாட்களை அங்கே அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஒரு வருஷம் தாமதித்திருந்தால் அவர் ஊரிலேயே இருந்திருப்பார். கடிதம் வந்துகொண்டிருந்தது, மணியார்டர் வந்துகொண்டிருந்தது. 1942-க்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. போர் முடிந்து அந்தத் தோட்டத்திலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் சொன்னாராம்: "ஜப்பான்காரன் சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டான்." அதுதான் கடைசிச் செய்தி.

இஞ்சின் கதைக்கு வருகிறேன். இது மனிதர் கதையாக மாறுவதற்கு முன்னால் இஞ்சினுக்கென்று ஒரு கதை இருந்தது.

1936-இல் நகோயாவில் நிப்பான் ஷார்யோ ஆலையில் பிறந்தது. சி56 என்பது ஜப்பானிய ரயில்வேயின் கிளைப்பாதைகளுக்காகச் செய்த எடை குறைந்த இனம். கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரையும் சேர்த்தே 65 டன்தான். கடைசி நிலையத்தில் இஞ்சினைத் திருப்ப வசதி இல்லாவிட்டால் பின்னோக்கியே ஓட்டிவரலாம். டிரைவர் எட்டிப் பார்க்க வசதியாக டெண்டரின் இரு தோள்களையும் செதுக்கியிருப்பார்கள். மலைப்பாதைகளில் ஓடியதால் ஜப்பான்காரர்கள் இதை மட்டக்குதிரை என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். மொத்தம் 160 மட்டக்குதிரைகள். நம்முடைய 31-ஆம் எண் இஷிகாவா மாநிலத்தின் நானாவோ பக்கத்தில், கடலோரக் கிராமங்களுக்கு ஆளும் சரக்கும் இழுத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் கூடைகள், நெல் மூட்டைகள். நம் விழுப்புரம் - திருவண்ணாமலை பாசஞ்சரை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

1941-இல் ராணுவம் வந்து 1 முதல் 90 வரை எண்ணிட்ட சி56 இஞ்சின்களை மொத்தமாக எடுத்துக்கொண்டது. ஜப்பானில் தண்டவாள அகலம் 1067 மில்லிமீட்டர். சயாம், பர்மா, மலாயா மூன்றிலும் 1000 மில்லிமீட்டர், நாம் மீட்டர்கேஜ் என்று சொல்கிற அதே அகலம். சென்னை பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 2004 வரைக்கும் நாம் போய்வந்த அதே அகலம். ஆகவே தொண்ணூறு இஞ்சின்களின் சக்கரங்களையும் உள்ளே தள்ளிப் பொருத்தினார்கள். 67 மில்லிமீட்டர், நாலு விரல் அகலம். ஒரு கிராமத்து வண்டி போர் வண்டியாக மாற அவ்வளவு போதுமாக இருந்தது.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல்வழியாகச் சாமான் அனுப்புவது ஜப்பானுக்கு நாளுக்கு நாள் ஆபத்தாகிவந்தது. அதனால் சயாமின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் அறுத்துப் பாதை போடத் தீர்மானித்தார்கள். சுமார் 60,000 போர்க்கைதிகளை இறக்கினார்கள்: பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். அது போதவில்லை. மலாயாத் தோட்டங்களின் பக்கம் திரும்பினார்கள்.

தோட்டங்களில் அப்போது வேலை இல்லை. ரப்பர் வாங்க ஆள் இல்லை, வெள்ளைக்கார துரைகள் ஓடிவிட்டார்கள், அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று ஜனங்கள் உயிர் வைத்திருந்தார்கள். வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுக்கு மதிப்பே இல்லை. அந்த நேரத்தில்தான் 'நல்ல கூலி, மூணு மாசம், திரும்பி வந்துடலாம்' என்று தோட்டக் கணக்கர்களான கிராணிகளும் கங்காணிகளும், கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் வந்து சொன்னார்கள். முதலில் சிலர் நம்பிப் போனார்கள். அவர்கள் திரும்பி வராததைக் கண்டு மற்றவர்கள் பதுங்கியபோது லாரியில் வந்து பிடித்துப் போனார்கள். மூடிய சரக்கு வண்டியில் நாள்கணக்கில் பயணம். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். சில குடும்பங்கள் குழந்தை குட்டியோடு போயின.

தண்டவாளமும் மலாயாவிலிருந்துதான் போயிற்று. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையைப் பெயர்த்து அந்த இரும்பைச் சயாமுக்கு ஏற்றினார்கள். மலாயா ரயில்வேயில் தமிழ்க் கைகள் போடாத பாதை குறைவு. ஒரு தலைமுறை இறுக்கிய ஆணியை அடுத்த தலைமுறை வேறொரு காட்டில் மறுபடி இறுக்கியது.

போர்க்கைதிகள் பட்ட பாட்டைப் படமாகவும் புத்தகமாகவும் உலகம் அறியும். அவர்களைவிடத் தமிழர் மிக அதிகமாகச் செத்ததற்குக் காரணம் எளியது, அதனாலேயே தாங்க முடியாதது. கைதிகள் ராணுவத்தினர். அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள், கொதிக்கவைக்காத தண்ணீரைத் தொடாதே என்று கட்டளையிட ஆள் இருந்தது. தோட்டத்துக் கூலிக்கு அப்படி யாரும் இல்லை. 1943 மே மாதம் மழை தொடங்கியதும் வாந்திபேதி வந்தது. காலையில் மண்வெட்டி எடுத்தவன் சாயங்காலம் குழியில் கிடந்தான். முகாமில் எரிக்கக் காய்ந்த விறகு இல்லை, புதைக்கத் தெம்புள்ள ஆள் இல்லை. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் கணக்கில் பாதையோரம் இறந்த கைதிகள் சுமார் 13,000. இறந்த கூலியாட்கள் 80,000 முதல் ஒரு லட்சம்வரை என்பது அதே ஆணையத்தின் மதிப்பீடு. அந்தக் கீழ்க் கணக்குக்கும் மேல் கணக்குக்கும் நடுவே 20,000 பேர் இருந்தார்களா இல்லையா என்றே உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. இருபதாயிரம் என்பது நம் பக்கத்தில் ஒரு சின்ன டவுன்.

அந்த மழைக்காலத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்று இரண்டு மருத்துவக் குழுக்களைக் கூலியாட்களின் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்களும் கைதிகள்தான், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய மருத்துவர்களும் உதவியாளர்களும். கையில் மருந்து அநேகமாக இல்லை. தோலும் எலும்புமாக இருந்த அவர்கள், பாஷை தெரியாத தமிழனின் காலில் அழுகிய புண்ணைக் கழுவினார்கள், தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தார்கள். பிழைத்துத் தோட்டத்துக்குத் திரும்பியவர்களில் எத்தனை பேர் அந்தக் கைகளால் பிழைத்தார்களோ. கருணை என்று நான் சொல்வதற்கு இந்தக் கதையில் கிடைக்கும் முதல் இடம் இது.

1943 அக்டோபர் 17-இல் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கோன்கோய்த்தாவில் சந்தித்தன. 25-ஆம் தேதி திறப்பு விழா. அந்த விழா வண்டியை இழுத்துவந்தது 31-ஆம் எண் இஞ்சின். இன்று தோக்கியோ கூடத்தில் அதற்குக் கிடைத்திருக்கும் இடம் அந்த ஒரு நாளுக்காக.

அந்த நாளை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நெருப்புப் பெட்டியில் விறகோ கரியோ தள்ளிய ஃபயர்மேன் ஒருவன் இருந்திருப்பான். என் அப்பாவைப் போல முன்கை மயிர் கருகியவன். அவனுக்கு அந்தப் பாதையின் ஒவ்வொரு சிலிப்பர்கட்டைக்கு அடியிலும் யார் கிடக்கிறார்கள் என்று தெரிந்திருக்குமா? இஞ்சினுக்குத் தெரியாது. இரும்புக்குப் பாவம் கிடையாது. ஓட்டுகிறவனுக்கு உண்டா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாவை நினைத்துக்கொண்டால் 'உண்டு' என்று சொல்ல நா எழவில்லை.

அடுத்த இரண்டு வருஷம் அந்தப் பாதையில் பர்மாவுக்குச் சிப்பாய்களும் குண்டுகளும் போயின. நேதாஜியின் படையும் போயிற்று. ஜான்சி ராணி படைப் பெண்களும் அதே வழியாக ரங்கூனுக்குப் பயணமானார்கள். அந்தப் படையை நடத்திய கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தப் பெண்களில் பலர் மலாயாத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஒரே லயத்தில் ஒரு வீட்டு ஆண் அந்தப் பாதை போடப் போய்ச் செத்தான், பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் பாதையில் விடுதலைக்காகப் போனாள். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச நமக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சமே சயாம் கதை நம் பாடப்புத்தகத்துக்கு வராமல்போன காரணங்களில் ஒன்று என்று நான் நம்புகிறேன்.

போர் முடிந்தது. தாய்லாந்தில் நின்றுபோன 46 சி56 இஞ்சின்களை அந்நாட்டு ரயில்வே எடுத்துக்கொண்டது. 31-க்குப் புது எண், 725. இன்னும் முப்பது வருஷம் அது ஓடியது. சந்தைக்குப் போகிறவர்கள், பிக்குகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நெல் மூட்டைகள். நானாவோவில் செய்த வேலையையே விறகு தின்று செய்தது. ஊர் மட்டும் வேறு. அந்த முப்பது வருஷத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஆனால் அதன் வாழ்வில் பெரும்பகுதி அதுதான். யாரையும் கொல்லாத, யாரும் கொண்டாடாத ஓட்டம்.

1977-இல் ஓய்வு. ஜப்பானில் பழைய ரயில் படைப்பிரிவுக்காரர்கள் செய்தி கேட்டுப் பணம் திரட்டினார்கள். 1979-இல் அதை வாங்கிக் கப்பலேற்றி, பழுது பார்த்து, பழைய எண்ணை மாட்டி, யாசுகுனிக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். போரில் இறந்த ஜப்பானியர் இருபத்துநாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தெய்வமாக வைத்திருக்கும் ஆலயம் அது. போர்க்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பிரதமர் டோஜோவையும், குற்றம் சாட்டப்பட்ட இன்னும் பதின்மூன்று தலைவர்களையும் அந்த வரிசையில் சேர்த்தது 1978-இல். இஞ்சின் வந்தது அதற்கு மறுவருஷம்.

அந்தக் கிழவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்துத்தான் போனேன். வரவில்லை. அந்தப் பாதையில் ஆயிரம்பேர் அளவுக்கு ஜப்பானியரும் கொரியரும்கூட மாண்டிருக்கிறார்கள். இருபது வயதில் காட்டில் நண்பனை எரித்துவிட்டு வந்தவன், அறுபது வயதில் அவன் நினைவாக வீட்டுக்குக் கொண்டுவரக் கிடைத்தது இந்த ஒரு இரும்புதான். அவர்கள் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் தங்கள் பிணங்களை மட்டும் எண்ணிக்கொண்டு அந்தப் பாதையின் கதையை முடித்துவிட்டார்கள். இஞ்சினுக்குப் பக்கத்திலிருந்த விளக்கப் பலகையை மகன் கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினான். தமிழர் என்ற சொல்லைத் தேடினேன். இல்லை.

அதே வளாகத்தில், கொஞ்சம் தள்ளி, ஒரு இந்தியருக்கு நினைவுக்கல் நிற்கிறது. தோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்று 1948-இல் தனித் தீர்ப்பு எழுதிய வங்காள நீதிபதி ராதாவினோத் பால். கல் வைத்தது 2005-இல். கொடுமைகள் நடக்கவில்லை என்று அவர் சொன்னவரில்லை. வென்றவன் தோற்றவனை விசாரிப்பது நீதியா என்றுதான் கேட்டார். பெரிய கேள்வி, நேர்மையான கேள்வி. ஆனாலும் அவர் முகம் பதித்த கல்லின் முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மன்னித்த இந்தியருக்கு இங்கே கல் இருக்கிறது. மாண்ட இந்தியர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

மன்னிப்பு என்றால் இந்த ரயில்பாதை விஷயத்தில் எல்லோரும் சொல்வது எரிக் லோமாக்ஸ் கதையை. ஸ்காட்லாந்துக்காரர், சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம், சிங்கப்பூரில் கைதியானவர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ரேடியோ வைத்திருந்ததற்காக 1943-இல் அவரைச் சித்திரவதை செய்தபோது கூடவே உட்கார்ந்து மொழிபெயர்த்தவர் நகாசே தகாஷி. ஐம்பது வருஷம் லோமாக்ஸ் அந்தக் குரலைக் கனவில் கேட்டுக்கொண்டிருந்தார். நகாசே போர் முடிந்ததும் நேசநாட்டுக் கல்லறை தேடும் குழுவோடு அதே பாதையில் மொழிபெயர்ப்பாளராகப் போனார். பார்த்தது அவரை மாற்றியது. அறுபதுகளில் தொடங்கி நூறு தடவைக்கு மேல் தாய்லாந்துக்குப் போய்ப் பரிகாரம் செய்தார், அமைதிக்கென்று ஒரு கோயில் எழுப்பினார். 1993-இல் குவாய் ஆற்றுப் பாலத்தில் இருவரும் சந்தித்தார்கள். பிறகு ஜப்பானில் ஒரு ஓட்டல் அறையில் லோமாக்ஸ் தன் மன்னிப்பை எழுத்தில் கொடுத்தார். அதைப் படிக்கும்போது அழாதவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

மன்னிப்பு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இன்னொரு கதை. எங்கள் சொந்த ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம். அரசராக இருந்த மெய்ப்பொருள் நாயனாரின் ஊர். பகைவன் முத்தநாதன் அடியார் வேஷத்தில் வந்து, ஓலைச்சுவடிக்குள் மறைத்த கத்தியால் அவரைக் குத்தினான். காவலன் தத்தன் வாளை ஓங்கினான். சாகக் கிடந்த அரசர் அவனைத் தடுத்து, குத்தியவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவரச் சொன்னார். விட்டுவந்துவிட்டேன் என்று தத்தன் திரும்பிவந்து சொன்ன பிறகுதான் உயிரை விட்டார். மயிலாப்பூரில் பங்குனி மாதம் அறுபத்துமூவர் மாட வீதி வரும்போது நான் அவரைத் தேடிக் கும்பிடுவேன். பாட்டி சொன்ன கதை என்பதால். தோக்கியோவிலிருந்து திரும்பும் விமானத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்தக் கதையில் ஒன்று உறைத்தது. மன்னித்தவர் குத்துப்பட்டவர். ஊர் ஜனங்கள் மன்னிக்கவில்லை. வழியெல்லாம் முத்தநாதனைக் கொல்லத்தான் வந்தார்கள், அரசர் சொல்லுக்காக விலகி நின்றார்கள். அரசர் ஒரு வார்த்தை சொல்லாமல் மாண்டிருந்தால்?

லோமாக்ஸ் உயிரோடு இருந்தார். அவருக்குப் பெயர் இருந்தது, முகவரி இருந்தது, நகாசேயின் புத்தகத்தைப் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுத ஒரு மனைவி இருந்தாள். பாட்டியின் தம்பியிடம் மன்னிப்புக் கேட்க நகாசே நினைத்திருந்தாலும் யாரிடம் போயிருப்பார்? கல்லறை தேடிய குழு தேடியது ராணுவத்தாரின் கல்லறைகளை. தமிழனின் குழியை யாரும் தேடவில்லை. பாட்டியின் தம்பிக்காக மன்னிக்க எனக்கு உரிமை இல்லை. வஞ்சம் வைத்திருக்கவும் உரிமை இல்லை. கூடத்தில் நின்று நான் செய்ய முடிந்தது கருணை காட்டுவது மட்டும்தான்: அந்த இஞ்சின்மேல், அதை ஓட்டியவன்மேல், அதைத் துடைத்து வைத்தவர்கள்மேல். அது என்னிடம் இருந்தது, கொடுத்தேன். மன்னிப்பு என்னுடையதில்லை.

இதையும் சொல்லியாக வேண்டும். காஞ்சனபுரியில், அதே குவாய் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. 1944-இல் ஜப்பானிய ராணுவமே கட்டியது, பாதையில் மாண்டவர்களுக்காக. அதில் பல மொழிகளில் கல்வெட்டு. ஒரு பலகையில் தமிழ். நம் எழுத்தில் அவர்களுக்கு முதலில் ஒரு வரி வெட்டிவைத்தது கொன்ற கைதான். இதை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நம் கை அங்கே போய்ச் சேர எழுபத்தொன்பது வருஷம் ஆயிற்று. தமிழ்நாடு அரசு கொடுத்த பத்து லட்சம் ரூபாயுடன், தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியில், காஞ்சனபுரி தவோன் வராராம் புத்த விகாரையில் 2023 மே 1-ஆம் தேதி ஒரு நடுகல் திறந்தார்கள். பத்தாயிரக்கணக்கானவர்களுக்கும் சேர்த்து ஒரே கல். நடுகல்லில் வீரனின் பெயரும் ஊரும் வெட்டுவது நம் பழைய மரபு. வெட்டுவதற்கு இங்கே பெயர்கள் வேண்டும்.

ஊர் திரும்பிய வாரம் நந்தம்பாக்கம் போனேன். நந்தனத்திலிருந்து சைதாப்பேட்டை, கிண்டி, கத்திப்பாரா தாண்டி அரை மணி நேரம். மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் மெட்ராஸ் போர்க்கல்லறை. 1952-இல் அமைத்தது.  இந்தியாவின் தெற்கிலும் கிழக்கிலும் அங்கங்கே சிதறிக் கிடந்த சமாதிகளைக் கொண்டுவந்து சேர்த்த இடம். 856 சமாதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே உயரத்தில் ஒரு கல். அதில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. 21, 19, 24. சில கற்களில் அம்மா அப்பா எழுதச் சொன்ன ஒரு வரி. புல்லை ஒரு அம்மா கத்தரித்துக்கொண்டிருந்தார். ஒரு கல்லைச் சுற்றி நிதானமாக, விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டு, அடுத்த கல். எங்கோ பிறந்த பிள்ளையின் பெயரை மறைக்காமல் புல்லை ஒதுக்க நம் ஊர் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இதைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம்தான் காஞ்சனபுரியிலும் இப்படி கிட்டத்தட்ட ஏழாயிரம் சமாதிகளை வைத்துக் காக்கிறது. அதே ஊரில் 1990-இல் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வந்தன. கூலியாட்கள். பெயரில்லை.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் மகள் வயிற்றுப் பேரன் தரையில் படுத்து ரயில் விளையாடிக்கொண்டிருந்தான். தாமஸ், பெர்சி, ஜேம்ஸ் என்று முகம் வைத்த கார்ட்டூன் இஞ்சின்கள். சிவப்பு ஜேம்ஸை என் கையில் கொடுத்தான். அந்த ஜேம்ஸின் கதையை அவனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. 725 தனியாகத் திரும்பவில்லை. 1979-இல் அதோடு இன்னொரு இஞ்சினும் சயாமிலிருந்து ஜப்பான் வந்தது, சி56 44. அது அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை. ஷிசுவோகாவில் ஓயிகாவா ரயில்வேயில் நீராவியில் ஓடுகிற வேலை அதற்குக் கிடைத்தது. 2015 முதல் அதற்குச் சிவப்புச் சாயம் அடித்து, முன்னால் சிரித்த முகம் மாட்டி, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஜேம்ஸாக ஓடவைத்தார்கள். மரண ரயில்பாதைக்குப் போய் வந்த சக்கரத்தின்மேல் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு போனார்கள். யாசுகுனிக் கூடத்து இஞ்சினைவிட எனக்கு இந்த இஞ்சின்தான் பிடித்திருக்கிறது. ஒரு நாள் பேரனுக்குச் சொல்வேன், அவன் ஜேம்ஸைத் தூக்கி எறியாத வயதில்.

அவனிடம் சொல்லும்போது ஒன்றை மட்டும் சொல்ல முடியாது. பாட்டியின் தம்பி பெயர் எனக்குத் தெரியாது. பாட்டி கடைசிவரை 'தம்பி' என்றுதான் சொன்னாள். அப்பாவுக்கு அவர் 'மலாயா மாமா'. நான் கேட்டுவைக்கவில்லை. கேட்டிருந்தால் பத்து விநாடி வேலை. இருவரும் இன்று இல்லை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் யாராவது அந்தக் காலத்தில் மலாயாவுக்குப் போயிருந்தால், தஞ்சாவூரோ திருச்சியோ சேலமோ வட ஆர்க்காடோ எந்த ஊரானாலும், இன்றைக்கே ஒரு பெரியவரிடம் கேளுங்கள். பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் இறக்குங்கள். மணியார்டர் துண்டு, கப்பல் சீட்டு, தோட்டத்து முத்திரை போட்ட கடிதம், எது கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள். நாலு விஷயம் போதும்: அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், வேலை பார்த்த தோட்டம். ஒரு நோட்டில் எழுதி, பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.